மேட்டு வீட்டுக் கீழ்த்தளச் சுவரில் கசிவு: பூச்சா, ஊசியா, தோண்டலா?

தீபாவளிக்கு வீட்டைக் கழுவித் துடைக்கும்போதுதான் பல விஷயங்கள் கண்ணில் படும். 2020 அக்டோபரில் எங்கள் கீழ்த்தள அறையில் பழைய அலமாரியை நகர்த்தினோம். பின்னால் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல், ஏறக்குறைய எட்டு அடி நீளம். அதன் இரு பக்கமும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அடியில் அப்பாவின் புத்தகப் பெட்டி. மேல் வரிசையைத் தவிர மற்றதெல்லாம் ஊறிப் பூசணம் பிடித்துவிட்டது. அவர் கைப்பட ஓரக்குறிப்பு எழுதிய புத்தகங்கள் அவை. அதனால்தான் இந்த விஷயத்தை இவ்வளவு விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

கோலாலம்பூரில் பெரும்பாலான தரை வீடுகளுக்கு நிலத்தடி அறை கிடையாது. சமதளத்தில் இருக்கும் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) அதற்குத் தேவையும் இல்லை. ஆனால் பங்சார், தாமான் செபுத்தே, புக்கிட் துங்கு போன்ற மேட்டுப் பகுதிகளிலும், பினாங்கில் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கமும், சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு மாடி என்று நிற்கும் வீடுகள் நிறைய. அவற்றின் கீழ்த்தளத்தில் ஒரு சுவராவது மண்ணோடு ஒட்டியிருக்கும். அந்தச் சுவர் வீட்டுச் சுவர் மட்டுமில்லை, மேட்டைத் தாங்கும் சுவரும் அதுதான். தனியாகக் கட்டிய தாங்குசுவரில் நீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். வீட்டுச் சுவரில் யாரும் ஓட்டை விடுவதில்லை. பின்னால் சேரும் நீர் வழி தேடிக்கொண்டே நிற்கும்.

அது எவ்வளவு அழுத்தம் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு மீட்டர் உயர நீர் அடியில் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும். இரண்டரை மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் மண் முழுக்க ஊறி நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் நீர் மட்டும் மூன்று டன் அளவுக்குத் தள்ளுகிறது. மண்ணின் தள்ளல் இதற்கு மேல். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலைதோறும் கொட்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், உள்ளே இருந்து ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் போதும் என்று யாராவது சொல்லும்போது ஏமாற மாட்டீர்கள்.

நாங்கள் ஏமாந்தோம். முதலில் வந்தவர் உப்பைச் சுரண்டிவிட்டு, நீர்ப்புகாப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்துக் கொடுத்தார். தீபாவளிக்குச் சுவர் பளிச்சென்று இருந்தது. ஜனவரிக்குள் பெயிண்ட் கொப்புளமாக உப்பி, தொட்டால் உள்ளே தண்ணீர் தளும்பியது. மொட்டை மாடியில் அடிக்கும் பூச்சை நீர் மேலிருந்து கீழே அழுத்துகிறது, பூச்சு தளத்தோடு இன்னும் ஒட்டிக்கொள்கிறது. மண் பக்கச் சுவரில் நீர் பின்னாலிருந்து வருகிறது, பூச்சைச் சுவரிலிருந்து பிய்த்துத் தள்ளுகிறது. ஒரே டப்பா, ஒரே ஆள் அடித்தது, ஆனால் பலன் நேர் எதிர்.

முதலில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள்

பழுதுபார்க்கும் முறைகளை ஒப்பிடுவதற்கு முன் இதற்கு நேரம் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அந்த நேரம் தானாகவே கிடைத்தது. 2021இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடுகள் வந்து, மாதக்கணக்கில் வேலையாட்களை வரவழைக்க முடியவில்லை. அந்தக் காத்திருப்பில் பார்த்துக் குறித்து வைத்ததுதான் பிறகு சரியான முடிவுக்குக் கொண்டுபோனது.

ஈரம் மூன்று வழியில் வரலாம். ஒன்று, அறைக் காற்றின் ஈரப்பதமே குளிர்ந்த சுவரில் படிவது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். கீழ்த்தள அறையில் ஏர்கோன் போட்டால் இது சகஜம். ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப் பக்கம் நனைந்தால் காற்று ஈரம், சுவர்ப் பக்கம் நனைந்தால் உள்ளேயிருந்து வருகிறது. காற்று ஈரத்துக்கு ஊசியும் (விரிசலுக்குள் பிசின் ஏற்றுவது) வேண்டாம், தோண்டலும் (வெளியே மண்ணை எடுத்துச் சுவரைச் சரிசெய்வது) வேண்டாம். காற்றோட்டம் போதும்.

இரண்டாவது குழாய்க் கசிவு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரே அளவாக ஈரம் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். இரவு எல்லாப் பைப்பையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்து, காலையில் திரும்பப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். மீட்டருக்கு முந்தைய குழாய் கசிந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அது குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பு: கோலாலம்பூரில் ஆயர் சிலாங்கூர், பினாங்கில் பி.பி.ஏ. புகார் கொடுத்தால் வந்து பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்.

மூன்றாவது மண்ணில் இறங்கும் மழைநீர். எங்கள் வீட்டில் மழை பெய்து மூன்று மணி நேரத்தில் விரிசல் நனையும், ஒரு வாரம் மழை இல்லாவிட்டால் காயும். வழக்கமான மழைநீர்க் குணம்தான். ஆனால் வெறும் மண் வழியாக இறங்குவதற்கு அது வேகம் அதிகம். விரிசலுக்கு நேர் மேலே கார் போர்ச்சு, அதன் ஓரமாக எங்கள் காம்பவுண்டுக்குள் ஓடும் சிமெண்டு லொங்காங் (வடிகால்). மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லொங்காங்கில் ஆறடி நீளத்தை இரு முனையிலும் களிமண் வைத்து அடைத்து, குழாய்த் தண்ணீரால் நிரப்பினோம். இரண்டு மணி நேரத்தில் கீழே விரிசல் ஈரமானது. லொங்காங்கின் அடியில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு, குப்பைக்கு அடியில் மறைந்து கிடந்தது.

அதோடு கசிவு முழுக்க நின்றுவிடும் என்று நினைத்து லொங்காங்கை உடைத்துப் புதிதாகப் பூசினோம். முக்கால்வாசி நின்றது. பெருமழையில் மட்டும் விரிசல் இன்னும் கசிந்தது. ஆனாலும் செலவில் மிகக் குறைந்ததும் பலனில் மிக அதிகமானதும் அதுதான். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரோரம் மண்ணில் கொட்டுகிறதா, பூந்தொட்டி வரிசை தண்ணீரைச் சுவர்ப் பக்கம் தேக்குகிறதா, தரைச் சரிவு வீட்டை நோக்கி இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் ஒரு காசும் செலவழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் விரிசலையே கவனிக்க வேண்டும். இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஓர் இடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொஞ்சம் அப்பி வையுங்கள். விரிசல் அசைந்தால் அந்தத் திட்டு உடையும். நேர் மேலிருந்து கீழே போகும், ஒரே சீரான, மெல்லிய விரிசல் பெரும்பாலும் கான்கிரீட் இறுகும்போது சுருங்கி வந்தது. எங்களுடையது அந்த வகை. அகலம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், பத்து மாதத்தில் மாற்றமில்லை. படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், ஒரு பக்கம் மற்றதைவிட வெளியே துருத்தி நிற்கும் விரிசல், ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசல், குறிப்பாகச் சுவரின் நடு உயரத்தில் கிடையாக ஓடும் விரிசல் என்றால் கசிவைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கிடை விரிசல் என்றால் மண் சுவரை உள்ளே வளைக்கிறது என்று பொருள். அதற்குள் பசை ஏற்றி மூடுவது ஆபத்தை மறைப்பது. துருக்கறை இறங்கியிருந்தாலும் அப்படித்தான், உள்ளே கம்பி அரிக்கத் தொடங்கிவிட்டது.

அடைப்பும் பூச்சும்

தண்ணீர் பீச்சிக்கொண்டு வரும் இடத்தை நிறுத்த, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் இறுகும் சிமெண்டு கிடைக்கிறது. ஹார்ட்வேர் கடையில் வாட்டர் பிளக் என்று கேட்டால் கொடுப்பார்கள். விரிசலை இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கி, கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். வாய் விரிந்த பள்ளமாகச் செதுக்கினால் ஒருநாள் கட்டியாகக் கழன்று விழும். வாய்க்கும் அடிக்கும் ஒரே அகலம், அல்லது உள்ளே சற்று அகலம் என்று இருக்க வேண்டும். இது முதலுதவி. சுவரின் முகத்தில் மட்டும் மூடியிருக்கிறோம், விரிசல் உள்ளே அப்படியே நீர் நிறைந்து நிற்கிறது. கம்பியும் அந்த நீரில்தான் இருக்கிறது.

படிக வகைப் பூச்சு வேறு ரகம். ஸைபெக்ஸ், பெனட்ரான் என்று விற்பது இந்த வகை. பெயிண்ட் போல மேலே படலமாக நிற்காது, கான்கிரீட்டின் நுண்துளைக்குள் நீர் வழியாகவே நுழைந்து, அங்குள்ள சுண்ணாம்போடு சேர்ந்து படிகமாக வளர்ந்து அடைக்கும். அதனால் பின்னாலிருந்து வரும் நீர் அதைப் பிய்க்க முடியாது. சுவர் முழுக்க வியர்த்த மாதிரி ஈரமாக இருந்து, தனி விரிசல் என்று எதுவும் பெரிதாக இல்லாவிட்டால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசலை அதுவே மூடிவிடும் என்று நம்ப முடியாது. பூச்சு, பெயிண்ட் எல்லாவற்றையும் கொத்தி வெறும் கான்கிரீட்டுக்குப் போக வேண்டும். செங்கல் சுவருக்கு இது ஏற்றதில்லை, படிகம் வளரத் தேவையான சரக்கு செங்கல்லில் இல்லை.

ஊசியில் இரண்டு வகை

நம் ஊரில் கசிவு என்றதும் எல்லாக் காண்ட்ராக்டரும் சொல்வது பியூ கிரவுட்டிங். பாலியூரத்தேன் பிசினை விரிசலுக்குள் அழுத்தத்தோடு ஏற்றுவது. விரிசலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி, 15 முதல் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, 45 பாகைச் சாய்வில் துளை போடுவார்கள். அந்தத் துளை சுவரின் பாதித் தடிமனில் விரிசலைக் குறுக்கே வெட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் நல்ல வேலையும் மோசமான வேலையும் பிரிகின்றன. துளை விரிசலைத் தொடாவிட்டால் எவ்வளவு பிசின் ஏற்றினாலும் வீண். பிறகு துளைகளில் நிப்பிள் என்னும் சிறு குழாய்முனைகளைப் பொருத்தி, கீழிருந்து மேலாகப் பம்ப் செய்வார்கள். அடுத்த நிப்பிளில் பிசின் எட்டிப் பார்த்ததும் அதற்கு மாறுவார்கள். பிசின் நீரைத் தொட்டதும் நுரைத்துப் பலமடங்கு பெருகி இடுக்கையெல்லாம் நிரப்பும். சுவர் ஈரமாக இருக்கும்போதே செய்யலாம் என்பது நம் மழைக்கு ரொம்பப் பொருத்தம். இறுகிய பிறகும் கொஞ்சம் வளையும், ஆகவே வெயில் மழைக்குச் சுவர் நூலளவு அசைந்தாலும் தாங்கும்.

குறைகளும் உண்டு. நுரை ஓடும் நீரை நிறுத்தும், ஆனால் நுரைக்குள் காற்றுக் குமிழிகள் இருப்பதால் நாள்பட்ட அழுத்தத்தில் மறுபடி நீர் ஊடுருவலாம். நுரை இறுகியதும் அதே நிப்பிள் வழியாக நுரைக்காத பிசினை இரண்டாவது சுற்றாக ஏற்றினால் நீண்ட காலம் நிற்கும். இரண்டாவது சுற்று உண்டா என்று கேட்டால் சிலர் முழிப்பார்கள். அப்படிப்பட்டவர்களை நான் அனுப்பிவிட்டேன். இன்னொன்று, இது சுவருக்கு எந்த வலிமையும் சேர்க்காது. பின்னால் நீர் அப்படியே நின்றால் பலவீனமான அடுத்த இடத்தை, பெரும்பாலும் சுவரும் தரையும் சேரும் மூலையை, அது கண்டுபிடிக்கும்.

எபாக்ஸி ஊசி அதற்கு எதிர்க்குணம். இறுகினால் கான்கிரீட்டைவிட உறுதியாகப் பிடிக்கும், பிளந்த சுவரை மீண்டும் ஒரே துண்டாக ஒட்டும். பொறியாளர் சுவரின் வலிமை போயிருக்கிறது என்று சொன்னால் எபாக்ஸிதான் வேண்டும். ஆனால் அதற்கு உலர்ந்த, சுத்தமான விரிசல் வேண்டும். ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் எபாக்ஸியும் இருக்கிறது, ஓடும் நீரில் அதுவும் உதவாது. எங்கள் சுவர் முழுக்கக் காயும் காலம் என்றால் ஜூன், ஜூலை மட்டும்தான். வளையாது என்பதால், விரிசல் வந்த காரணம் தீராமல் எபாக்ஸி ஏற்றினால் அந்த இடம் பிளக்காது, பக்கத்தில் கான்கிரீட் பிளக்கும். உறுதிக்கு எபாக்ஸி, கசிவுக்குப் பாலியூரத்தேன் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். பின்னது மலிவு என்பதற்காகக் கட்டமைப்பு விரிசலுக்கு அதை ஏற்றுவதும், முன்னது வலுவானது என்பதற்காக ஈரச் சுவரில் அதை ஏற்றுவதும் இரண்டும் தப்பு.

எங்களுக்கு வேலை முடிய ஒரு நாள் ஆனது. 2021 அக்டோபரில் இரண்டு சுற்றுப் பாலியூரத்தேன் ஏற்றினார்கள். டிசம்பர் 18ஆம் தேதி வந்தது. கோலாலம்பூரில் ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையில் ஏறி உதவிக்குக் காத்திருந்த நாள் அது. அன்று இரவு டார்ச் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தோம். காய்ந்திருந்தது.

அக்கா வீட்டில் இதே ஊசி ஏன் தோற்றது

நான் போனில் பெருமையாகச் சொன்னதைக் கேட்டுத்தான் தஞ்சோங் பூங்காவில் இருக்கும் அக்காவும் ஊசி போட்டார். அவர் வீடு எங்களுக்கு நேர்மாறு. சாலை கீழே, குன்று பின்னால். சமையலறைப் பின்சுவருக்கு ஐந்தடி உயரம் வரை மண். முதல் தடவை இரண்டு மாதம் நின்றது, பிறகு ஓரடி தள்ளிக் கசிந்தது. மறுபடி ஏற்றினார்கள், ஜன்னலுக்கடியில் கசிந்தது. "தம்பி, துளை போட்ட இடமெல்லாம் சல்லடை மாதிரி இருக்கு, தண்ணி மட்டும் நிக்கல" என்றார்.

நான் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது, அது செங்கல் சுவர். கான்கிரீட்டில் விரிசல் ஒரே ஓட்டமான தளம், பிசின் அதை நிரப்பினால் வழி மூடியது. செங்கல் சுவரில் ஒவ்வொரு சாந்து இணைப்பும் ஒரு வழி. ஓர் இடத்தை அடைத்தால் நீர் பக்கத்து இணைப்புக்குப் போகும். உங்கள் சுவர் எது என்று தெரியாவிட்டால் சாவிக்கொத்து அளவு இடத்தில் பூச்சைக் கொத்திப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. வெளியில் கண்ணுக்குத் தெரிந்த அறிகுறிகள் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். அக்காவுக்கு ஊசி போடச் சொல்வதற்கு முன் நான் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அவருக்குச் சரியான தீர்வு வெளியே தோண்டுவது. பின்முற்றத்தில் இடம் இருந்தது, ஐந்தடிதான் ஆழம். மண்ணை அகற்றிச் சுவரைக் கழுவி, இணைப்புகளைச் சாந்தால் நிரப்பி, மேலே தாரடிப்படைப் படலம் ஒட்டி, அதைக் கல் குத்தாமலிருக்கக் குமிழ் வைத்த வடிகால் பலகை சாய்த்து, அடியில் துளையிட்ட 100 மில்லிமீட்டர்க் குழாயை வடிதுணியில் சுற்றிப் பதித்து, சரளை போட்டு மூடினார்கள். நீர் சுவரைத் தொடும் முன்பே அடிக் குழாயில் இறங்கிப் பக்க லொங்காங்குக்குப் போய்விடுகிறது. இதுவரை சொன்ன முறைகளில் இது ஒன்றுதான் சுவரின் மேலுள்ள அழுத்தத்தையே இறக்குகிறது. மற்றதெல்லாம் அழுத்தத்தை எதிர்த்து நிற்கப் பார்ப்பவை.

அப்படியானால் எல்லோரும் தோண்டலாமே என்றால், முடியாது. எங்கள் வீட்டில் இதே வேலைக்குப் போர்ச்சை உடைக்க வேண்டும், எட்டடி ஆழம் போக வேண்டும். எங்களுக்குச் சொன்ன தொகை ஊசியைப் போல் ஏறத்தாழப் பதினைந்து மடங்கு. பணத்தைவிடப் பெரிய விஷயம் மேடு. சரிவின் அடியில் மண்ணை எடுப்பது விளையாட்டான வேலை இல்லை. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தது நம் எல்லோருக்கும் தெரியும். நாட்கணக்கில் மழை, சீர்கெட்ட வடிகால், பின்மேட்டில் சரிந்த தாங்குசுவர்கள் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. ஒரு வீட்டின் பின்பள்ளத்தை அதோடு ஒப்பிட முடியாது, உண்மைதான். ஆனாலும் அக்கா வீட்டில் பதிவுபெற்ற பொறியாளர் வந்து பார்த்த பிறகே மண்வெட்டியைத் தொட்டார்கள். சுவர் நீளம் முழுக்க ஒரே நாளில் தோண்டாமல் ஆறாறு அடியாகத் தோண்டி, முடித்து, மூடி, பிறகு அடுத்த பகுதிக்குப் போனார்கள். மழை மாதத்தில் தொடங்கவில்லை. இணைப்பு வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடமும் முன்பே பேச வேண்டும், அவர் சுவரும் அதே மண்ணில்தான் நிற்கிறது. கோலாலம்பூரில் மாநகர் மன்றத்திடமும், பினாங்குத் தீவில் பினாங்கு மாநகர் மன்றத்திடமும் அனுமதி தேவையா என்று பொறியாளர் மூலமாகவே கேட்டுவிடுங்கள்.

உள்ளே வாய்க்கால் வெட்டுவது

நிலத்தடி அறை சகஜமாக உள்ள குளிர்நாடுகளில் தரை ஓரமாக வாய்க்கால் வெட்டி, கசியும் நீரைக் குழியில் சேர்த்து, பம்ப் வைத்து வெளியேற்றுவார்கள். நீரைத் தடுக்காமல் வழிவிடுவதால் சுவர் மேல் அழுத்தமும் குறையும். ஊசி போட முடியாத பழைய கல் கட்டுச் சுவர், செங்கல் சுவர், வெளியே தோண்ட இடமில்லாத வீடு ஆகியவற்றுக்கு இது நல்ல வழி.

ஆனால் அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் இரண்டு சிக்கல். பெருமழை என்றால் கூடவே இடி மின்னல். இடி இறங்கினால் வீட்டு இ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) தட்டிவிடும், பம்ப் தேவைப்படும் அதே நேரத்தில் நின்றுவிடும். ஆளில்லாத வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பேட்டரி வைத்த இரண்டாவது பம்ப் இல்லாமல் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்தது கொசு. குழியில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கும், ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் அபராதம் உண்டு என்பது இருக்கட்டும், வீட்டுக்குள்ளேயே டிங்கியை வளர்ப்பது யாருக்கும் வேண்டாம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், மூச்சுக்குழாய் வாய்க்கு வலை வேண்டும்.

மேட்டு வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை. எங்கள் கீழ்த்தளத்தின் ஒரு பக்கம் மண்ணுக்குள் இருந்தாலும் எதிர்ப்பக்கம் வெளியே திறக்கிறது, அங்கே தரை இன்னும் தாழ்வு. ஆகவே உள் வாய்க்காலைச் சற்றுச் சரிவாக வெட்டினால் நீர் தானாகவே பின் லொங்காங்கில் போய் விழும். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஊசி தோற்றிருந்தால் என் அடுத்த திட்டம் அதுதான். அப்படிச் செய்தால் நீரோடு மண்துகள் அரித்து வராமலிருக்க வடிதுணி போட வேண்டும். வெளிவரும் நீர் கலங்கலாகவே இருந்தால் சுவருக்குப் பின்னால் மண் குறைந்துகொண்டு போகிறது என்று பொருள், உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

யார் எதை எடுக்கலாம்

கான்கிரீட் சுவர், அசையாத ஒற்றை விரிசல், மேலே போர்ச்சோ சாலையோ இருந்தால் வெளி லொங்காங்கைச் சரிசெய்துவிட்டு இரண்டு சுற்றுப் பாலியூரத்தேன். செங்கல் சுவராகி, வெளியே எட்ட முடிந்தால் தோண்டல்தான், ஊசிக்குப் பணம் கொடுக்காதீர்கள். செங்கல் சுவராகி வெளியே எட்ட முடியாவிட்டால் உள் வாய்க்கால். பொறியாளர் வலிமைக் குறைவு என்று சொன்ன விரிசலுக்கு மட்டும் எபாக்ஸி, அதுவும் காரணத்தைத் தீர்த்த பிறகு. வாடகைக்கு விட்டிருக்கும் அறை, அடுத்த வருடம் வீட்டையே இடித்துக் கட்டப் போகிறீர்கள் என்றால் வாட்டர் பிளக்கோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை, வாடகைக்கு இருப்பவரிடம் சொல்லிவிட்டு.

புது வீடு வாங்கி, சாவி கைக்கு வந்து 24 மாதம் ஆகவில்லை என்றால் இதில் எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். உரிமம் பெற்ற வீடமைப்பு மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீட்டின் ஒப்பந்தத்தில் குறைகளைச் சரிசெய்யும் காலம் அதுவரை இருக்கிறது. படத்தோடு எழுத்து மூலம் தெரிவியுங்கள். நீங்களாக ஆளை வைத்துச் செய்துவிட்டால் பிறகு யார் பொறுப்பு என்ற வழக்குத்தான் மிஞ்சும்.

காண்ட்ராக்டரிடம் பேசும்போது, சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஊசிக்கு நிப்பிள் கணக்கில் காசா, அடிக்கணக்கில் காசா என்று முதலிலேயே கேளுங்கள். நிப்பிள் கணக்கு என்றால் எத்தனை என்று எழுதி வாங்குங்கள், வேலை நடக்கும்போது எண்ணிக்கை வளரும். உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதைவிட எதற்கு என்பது முக்கியம். துளை போட்ட இடத்துக்கு மட்டுமா, அந்தச் சுவருக்கே உண்டா? அக்காவுக்குக் கொடுத்த உத்தரவாதம் முதல் விரிசலுக்கு மட்டும், ஓரடி தள்ளிக் கசிந்தது அதில் வரவில்லை. தகராறு என்று வந்தால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம், எழுத்தில் இருந்தால் அங்கே பேச்சு எளிது.

வேலை முடிந்ததும் சுவரை அழகாகப் பூசி மறைத்துவிட அவசரப்பட வேண்டாம். இரண்டு மழைப் பருவம் போகட்டும். எங்கள் வீட்டில் அந்த எட்டடிப் பட்டைக்கு மட்டும் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. மேல் முனையில் பென்சில் கோடும் தேதியும் அப்படியே இருக்கின்றன. செப்டம்பர் கடைசியில் போர்ச்சு லொங்காங்கின் குப்பையை வாருகிறோம், பிறகு கீழே வந்து கோட்டைப் பார்க்கிறோம். அலமாரி இப்போது எதிர்ச்சுவரில், அப்பாவின் புத்தகங்களில் தப்பியவை மேல்மாடியில்.